நின்றால் எரியுமா

எந்த லைட்டை எடுத்துக் காட்டினாலும் அந்தம்மா கேட்கிற கேள்வி ஒன்றுதான்.

“நின்னா எரியுமா?”

சைக்கிளுக்கு லைட் வாங்க வருகிறவர்கள் யாரும் அப்படிக் கேட்க மாட்டார்கள். எம்புட்டுத் தூரம் அடிக்கும் என்பார்கள். மழையில் நனைந்தால் கெட்டுப்போகுமா என்பார்கள். எரியாவிட்டாலும் பரவாயில்லை, பார்த்தால் லைட் மாதிரி இருக்கணும் என்று சொன்னவர்களும் உண்டு. அப்போதெல்லாம் ராத்திரி லைட் இல்லாமல் போனால் போலீஸ்காரர் நிறுத்திச் சக்கரத்தில் காற்றைப் பிடுங்கிவிடுவார். அந்தப் பயத்துக்குத்தான் முக்கால்வாசிப் பேர் லைட் மாட்டினார்கள்.

அந்தம்மா நர்ஸ். பிரசவம் பார்க்கிற நர்ஸ். அவருக்கு ஒரு பெயர் இருந்தது, ஆனால் எங்கள் பக்கம் யாரும் அதைச் சொல்லிக் கூப்பிட்டதில்லை. நர்சம்மா என்றால் அவர்தான். அவர் பெயரை நான் தெரிந்துகொண்டது ஒருவர் ஒரு மனுவைப் படித்துக் காட்டியபோதுதான். அது பின்னால் வரும். அந்தப் பெயரை நான் இங்கே சொல்லப்போவதில்லை.

நான் வாடகை சைக்கிள் கடையில் வேலைக்கு இருந்தேன். கோச்சடையைத் தாண்டி மேற்கே போகிற ரோட்டில் கடை. பன்னிரண்டு வாடகை வண்டி, பின்னால் மட்கார்டில் வெள்ளைப் பெயிண்டில் நம்பர் போட்டிருக்கும். பஞ்சர் ஒட்டுவோம், பெல், லைட், பேட்டரிக்கட்டை விற்போம். கண்ணாடிப் பெட்டிக்குப் பூட்டு உண்டு, சாவி முதலாளி இடுப்பில் இருக்கும். அதில் எனக்கு வருத்தம் கிடையாது. எனக்கு முன்னால் இருந்தவன் பெட்டியிலிருந்து ஆறு பெல்லை எடுத்துக்கொண்டு போய்விட்டானாம். ஆறு பெல்லை வைத்துக்கொண்டு ஒருத்தன் என்ன செய்வான் என்று நான் ரொம்ப நாள் யோசித்திருக்கிறேன்.

கடை வாசலில் நின்றால் நாகமலை தெரியும். நீளமாகக் கிடக்கும். அதற்கு அந்தப் பக்கம் நாலைந்து சின்ன ஊர்கள், அதில் ஒன்று என் மாமனார் ஊர். நாற்பது வீடு இருக்கும். ரோட்டில் சுற்றிப் போனால் எட்டு மைல். மலையில் ஓர் இடம் மட்டும் தாழ்ந்திருக்கும், கணவாய் என்போம். அதில் ஏறி இறங்கினால் மூன்று மைல்கூட வராது. ஆனால் அதைப் பாதை என்று சொல்ல முடியாது. ஆடு போகிற தடம். சரளைக்கல், இடையிடையே பாறை, ரெண்டு பக்கமும் உடைமுள். பகலிலேயே ஆம்பளைகள் சைக்கிளைத் தோளில் தூக்கிக்கொண்டுதான் ஏறுவார்கள். அந்தம்மா ராத்திரியில் அதில் போவார். முடிந்த இடத்தில் மிதிப்பார், முடியாத இடத்தில் தள்ளுவார். இறக்கத்தில் வண்டியை விட்டு இறங்கவே மாட்டார். ரெண்டு பிரேக்கையும் பிடித்துக்கொண்டு சீட்டில் உட்கார்ந்தபடியே இறங்கிவிடுவார். சேலை செயினில் மாட்டாமல் இருக்கக் கணுக்காலில் டியூப் ரப்பரைச் சுற்றியிருப்பார். அந்த ரப்பரை நான்தான் வெட்டிக் கொடுப்பேன்.

முதல் தடவை வந்தபோது முதலாளி டைனமோவைக் காட்டினார். புதுசு, பளபளவென்று இருந்தது. நான் வண்டியைத் தலைகீழாக நிறுத்தி, பெடலைச் சுற்றிக் காட்டினேன். லைட் எதிர்ச்சுவரில் பளிச்சென்று விழுந்தது.

“நிறுத்து,” என்றார் அந்தம்மா.

நிறுத்தினேன். லைட் அணைந்தது.

“நின்னா எரியாதா?”

“டைனமோம்மா. சக்கரம் சுத்துனாத்தான் கரண்டு வரும்,” என்றார் முதலாளி.

அந்தம்மா குனிந்து சக்கரத்தைத் தன் கையால் தள்ளினார். மெதுவாக, மாட்டுவண்டிச் சக்கரம் போல. பல்புக்குள் கம்பி மட்டும் சிவப்பாகத் தெரிந்தது.

“ஏத்தத்துல என் வேகம் இதான். பாத்துக்க, கல்லு இருக்குற எடத்துல மெதுவாப் போறேன், அப்பப் பாத்து மங்குது. இறக்கத்துல பறக்குறேன், அப்பப் பளிச்சுனு எரியுது. நான் தேடுறப்ப இருக்காது, வேணாங்கறப்ப வரும். இதை எதுக்கு நான் வாங்கணும்?”

“கொஞ்சம் வேகமா மிதிச்சீங்கன்னா…” என்று நான் வாயை விட்டேன்.

“நீ வந்து மிதி தம்பி. நான் பின்னால கேரியர்ல உக்காந்து வாரேன்.”

முதலாளி சிரித்தார். அந்தம்மா சிரிக்கவில்லை. அவர் சிரித்து நான் பார்த்ததில்லை. கன்னத்தில் எப்போதும் ஒரு கிராம்பு ஒதுங்கியிருக்கும், அதனால் சிரிக்க வசதிப்படவில்லையோ என்னவோ.

அதற்குப் பிறகு ஒரு வருஷம் போல லைட் தேடினார். மண்ணெண்ணெய் சைக்கிள் லாந்தர் இருந்தது, ஹேண்டில்பாருக்கு முன்னால் மாட்டுகிறது. ரோட்டில் நன்றாக எரியும். கல்லில் ஏறி இறங்கினால் நாலாவது குலுக்கலில் அணைந்துவிடும். வேர்க்கடலை வண்டியில் எரிகிற கார்பைடு விளக்கு ஒன்றை எங்கேயோ கேட்டு வாங்கி வந்தார். அது நின்றாலும் எரிந்தது, குலுக்கினாலும் எரிந்தது. ஒரே வாரத்தில் திருப்பிக் கொண்டுவந்து பெஞ்சில் வைத்தார்.

“ஏம்மா, இதுவும் சரியில்லையா?”

“வெளிச்சம் சரி. நாத்தத்துல அந்தப் பொண்ணு வாந்தி எடுத்துட்டா. வலியில கெடக்குறவளுக்கு அது வேறயா?”

அப்போதுதான் எனக்குப் புரிந்தது. அவருக்கு லைட் மலைப்பாதைக்கு மட்டும் இல்லை. அந்த ஊர்களில் கரண்டு கிடையாது. சைக்கிளில் வருகிற வெளிச்சத்தைக் கழற்றி எடுத்துக்கொண்டு குடிசைக்குள் போக வேண்டும். வண்டியை நிறுத்திய பிறகுதான் அவருக்கு வேலையே.

கடைசியில் மூன்று கட்டை போடுகிற டார்ச்தான் சரி என்று வந்தார். அதை வாங்குவதற்கும் ஒரு பரீட்சை. கடையின் பலகைக் கதவை எல்லாம் அடைக்கச் சொன்னார். உச்சி வெயில் நேரம், உள்ளே வெந்துகொண்டிருந்தது. என் கையில் டார்ச்சைக் கொடுத்து, தன் மருந்துப் பெட்டியிலிருந்து ஊசியும் நூலும் எடுத்தார்.

“ஆட்டாமப் பிடி.”

நூல் ஒரே தடவையில் ஊசிக்குள் போனது. இன்னொரு டார்ச். அதன் வெளிச்சத்தில் நடுவில் ஒரு கறுப்பு வட்டம் விழுந்தது, மூன்று தடவை நூல் தப்பியது. அதை ஒதுக்கிவிட்டார்.

“இதுதாம்மா தூரமா அடிக்கும். கணவாய்க்கு இங்கேயிருந்தே அடிக்கலாம்,” என்றார் முதலாளி.

“கணவாய் அங்கனயேதான் இருக்கும், எனக்குத் தெரியும். என் கை தெரியணும்.”

முதலாளி வேர்வையைத் துடைத்துக்கொண்டு என் காதில் சொன்னார்: “பொண்ணு பாக்கப் போனாக்கூட இம்புட்டுப் பாக்க மாட்டாய்ங்கடா.”

டார்ச்சை ஹேண்டில்பாரில் கட்ட ஒரு பிடி வேண்டும் என்றார். ரப்பர் வைத்துக் கட்டினால் அவிழ்க்க நேரமாகிறதாம். கப்பலூரில் லேத்துப் பட்டறையில் எனக்குத் தெரிந்த ஒருவர் இருந்தார். அவரிடம் சொல்லி ஒரு தகட்டுப் பிடி செய்து வாங்கினேன். கீழிருந்து ஒரு தட்டுத் தட்டினால் டார்ச் கழன்று கையில் வந்துவிடும். அந்தம்மா அதைப் பத்துப் பதினைந்து தடவை தட்டிப் பார்த்தார். “ம்,” என்றார். அவர் கொடுத்த பெரிய பாராட்டு அதுதான்.

ஒரு தடவை ரோட்டில் புது ஏட்டு நிறுத்தியிருக்கிறார். இதை அந்த ஏட்டே கடையில் உட்கார்ந்து சொன்னார்.

“லைட் எங்கம்மான்னேன். டார்ச்சைக் கழட்டி என் மூஞ்சியில அடிக்கிது. யம்மா, இது சைக்கிள் லைட் இல்ல, கைலைட்டுன்னேன். எரியுதா இல்லையாங்குது. எரியுது, ஆனாச் சட்டத்துலன்னு ஆரம்பிச்சேன். ஒன் சம்சாரத்துக்கு இது எத்தனையாவது மாசம்னு கேக்குது. அதுக்கு எப்படிய்யா தெரியும் என் சம்சாரம் முழுகாம இருக்குன்னு?”

“அப்புறம்?”

“அப்புறம் என்ன, போங்கம்மான்னுட்டேன்.”

கட்டை விஷயத்தில் அந்தம்மா இன்னும் கறார். புதுசு வாங்கியவுடன் ஆணியால் ஒவ்வொரு கட்டையின் அடித்தகட்டிலும் கீறுவார். அந்த மாசத்து நம்பர். தை என்றால் பத்துக் கீறல், மாசி என்றால் பதினொன்று. மாசம் பிறந்தால், எரிந்துகொண்டிருந்தாலும் மாற்றிவிடுவார். பழசை என்னிடம் கொடுப்பார்.

“ரேடியோவுக்குப் போட்டுக்க தம்பி. இனிமே இதை நான் நம்ப மாட்டேன்.”

எங்கள் தெருவில் அப்போது பழைய கட்டையை யாரும் எறிய மாட்டார்கள். எரிகிற வரைக்கும் எரியவிட்டு, மங்கினால் வெயிலில் காயவைப்போம். வடகம் காய்கிற முறத்திலேயே ஓரமாகக் கட்டையும் காயும். ரெண்டு நாள் நல்ல வெயிலில் கிடந்தால் திரும்ப உயிர் வரும். போட்டவுடனே புதுசை விடப் பளிச்சென்று எரியும். கொஞ்ச நேரம்தான், அப்புறம் தொப்பென்று இறங்கிவிடும். ரேடியோ என்றால் பாட்டுப் பாதியில் இழுத்துக்கொண்டு நிற்கும், சிரிப்போம். கடையின் பின்பக்க ஓட்டுமேல் நான் எப்போதும் நாலைந்து கட்டையைக் காயப் போட்டிருப்பேன். பெரும்பாலும் அந்தம்மா கழித்தது.

பேச்சி என் சம்சாரம். கல்யாணமாகி மூன்றாவது வருஷம் உண்டானாள். ஏழாம் மாசம் வளையல் போட்டு, தலைப்பிரசவத்துக்குத் தாய்வீட்டுக்கு அழைத்துக்கொண்டு போனார்கள். மலைக்கு அந்தப் பக்கம். பெரியாஸ்பத்திரிக்குக் கூட்டிப்போகலாமே என்றேன். மாமனார் வேண்டாம் என்றுவிட்டார். அது ஆபரேஷன் கேம்ப் நடந்து முடிந்த காலம். ஆஸ்பத்திரிக்குப் போனால் கேட்காமலே குடும்பக்கட்டுப்பாடு செய்துவிடுவார்கள் என்று எல்லோருக்கும் பயம். நர்சம்மாவைப் பார்த்தாலே சிலர் கதவைச் சாத்துவார்கள். வலி வந்தால் மட்டும் ஆள் அனுப்புவார்கள்.

“ஒன் பொண்டாட்டியப் பாத்தேன். தலை திரும்பியிருக்கு, நல்லாருக்கா. கால்ல கொஞ்சம் வீக்கம். உப்பைக் குறைக்கச் சொல்லிருக்கேன்,” என்று ஒரு நாள் டியூப் ரப்பர் வாங்க வந்தபோது சொன்னார்.

“நல்லபடியாப் பாத்துக்கங்கம்மா.”

“பாக்காம?”

தெப்பத் திருவிழா அன்றைக்கு வலி எடுத்தது. தைப்பூசம். வண்டியூர் தெப்பக்குளத்துக்கு ஊரே போய்க்கொண்டிருந்தது. பன்னிரண்டு வண்டியும் மத்தியானமே வாடகைக்குப் போய்விட்டது. முதலாளியும் குடும்பத்தோடு கிளம்பிவிட்டார், கண்ணாடிப் பெட்டிச் சாவி அவரோடு போனது. வண்டியெல்லாம் திரும்பி வருகிற வரைக்கும் நான் கடையில் இருக்க வேண்டும்.

இருட்டுகிற நேரத்தில் என் மச்சினன் சோலை வந்தான். சைக்கிளைக் கீழே போட்டுவிட்டு ஓடி வந்தான்.

“மச்சான், அக்காவுக்குப் பனிக்குடம் உடைஞ்சிருச்சு. ஊர்ல ஒரு நாதி இல்ல, அம்புட்டுப் பேரும் வண்டி கட்டிட்டுத் தெப்பத்துக்குப் போய்ட்டாய்ங்க. நர்சம்மா வந்துக்கிட்டிருக்கு, பின்னாலயே வருது.”

சொல்லிக்கொண்டிருக்கும்போதே அந்தம்மா வந்து இறங்கினார். பின்சக்கரத்தில் காற்றுக் குறைந்திருந்தது. “அடி தம்பி,” என்று சொல்லிவிட்டு, பெட்டியைத் திறந்து சாமான்களைச் சரிபார்க்க ஆரம்பித்தார். நான் காற்றடித்தேன். பிறகு டார்ச்சைக் கழற்றி ஒரு தடவை எரியவிட்டுப் பார்த்தேன். நல்ல வெளிச்சம்தான். ஆனால் எனக்குப் போதவில்லை. என் பிள்ளை பிறக்கப்போகிறது, இன்னும் கொஞ்சம் வெளிச்சம் இருந்தால் தேவலை என்று பட்டது. மாசக் கடைசி வேறு, கட்டை பழசாகியிருக்கும் என்று நினைத்தேன். கண்ணாடிப் பெட்டி பூட்டியிருந்தது. ஓட்டுமேல் மூன்று கட்டை காய்ந்து கிடந்தது. பொழுது சாய்ந்தும் இன்னும் சூடாக இருந்தது. அதைப் போட்டேன். வெள்ளையாக அடித்தது, புளியமரத்தின் உச்சிக்கிளை வரைக்கும்.

அந்தம்மா திரும்பிப் பார்த்தார்.

“கட்டை மாத்துனியா?”

“ஆமாம்மா.”

“புதுசா?”

“புதுசும்மா.”

வேறு யார் சொல்லியிருந்தாலும் பிரித்துப் பார்த்திருப்பார். பிரசவம் என் வீட்டில். அதனால் கேட்டதோடு விட்டுவிட்டார். டார்ச்சைப் பிடியில் மாட்டிக்கொண்டு ஏறிப் போனார். சோலை பின்னால் போனான்.

மிச்சம் சோலை சொன்னது. பூச நிலா பட்டப்பகல் மாதிரி இருந்திருக்கிறது. அந்தம்மா டார்ச்சை அணைத்துவிட்டார். “நெலா இருக்கு. இதை மிச்சம் பிடிப்போம். உள்ள போயித் தேவைப்படும்,” என்றாராம். கணவாயில் மலை நிழல் விழுகிற இடத்தில் மட்டும், தடம் பார்க்க ஒரு தடவை எரியவிட்டு அணைத்தார். இறக்கத்தில் நிலா வெளிச்சத்திலேயே இறங்கிவிட்டார்கள். டார்ச்சைத் தட்டிக் கழற்றிக்கொண்டு நேராக உள்ளே போனார்.

வீட்டில் இருந்தது ஒரு சிம்னி விளக்கு. அரிக்கேன் லைட்டை எல்லாம் வண்டிகளில் கட்டிக்கொண்டு தெப்பத்துக்குப் போய்விட்டார்கள். என் மாமியார் டார்ச்சைப் பிடித்தார். பிள்ளையின் தலை வந்துவிட்டது. கழுத்தில் கொடி ரெண்டு சுற்று இறுக்கியிருந்தது. அந்தம்மா கத்தரியை எடுத்தபோது டார்ச் மஞ்சளானது. பிறகு பீடி நெருப்புப் போலச் சிவந்தது. பிறகு இல்லை.

“ஆட்டாமப் பிடிங்க, ஆட்டாமப் பிடிங்க” என்று அந்தம்மா சொன்னது வெளியே சோலைக்குக் கேட்டிருக்கிறது. மாமியார் ஆட்டவில்லை. சிம்னியைக் கிட்டே கொண்டுவந்து, சூடும் புகையுமாக, அந்தம்மா கையால் தடவிக் கொடியை அறுத்திருக்கிறார். நேரமாகிவிட்டது. பிள்ளை அழவில்லை. ஆண்பிள்ளை. வாயில் வாய் வைத்து ஊதியிருக்கிறார். அதற்குள் பேச்சிக்கு உதிரம் நிற்காமல் போக ஆரம்பித்தது. பிள்ளையைக் கீழே வைத்துவிட்டு இவளைப் பிடித்துக்கொண்டார். விடிகிற வரைக்கும் வயிற்றிலிருந்து கையை எடுக்கவில்லை என்று மாமியார் சொன்னார். மாமியார் அந்தம்மாவைப் பற்றிச் சொன்ன நல்ல வார்த்தை அது ஒன்றுதான்.

கடைசி வாடகை வண்டி கடைக்குத் திரும்பியபோது விடியப்போகிற நேரம். நான் கடைக் கதவைப் பூட்டிவிட்டுக் கணவாய் வழியாக நடந்தேன். போய்ச் சேர்ந்தபோது எல்லாம் முடிந்திருந்தது. பேச்சி பிழைத்துவிட்டாள். பிறகு எங்களுக்குப் பிள்ளை இல்லை.

நான் அழுதேனா என்று நினைவில்லை. குழி தோண்டியது நினைவிருக்கிறது. மண் லேசாக இருந்தது. குனிந்தபோது சட்டைப்பையில் கனமாக ஏதோ இடித்தது. எடுத்துப் பார்த்தேன். டார்ச்சிலிருந்து நான் கழற்றிய கட்டைகள். அடியில் பத்துக் கீறல். அந்த மாசத்துக் கட்டை. வீட்டுக்குக் கொண்டுபோய் ரேடியோவில் போட்டேன். இருபது நாள் பாடியது.

ஊரார் தெப்பம் பார்த்துவிட்டு வந்ததும் பேச்சு கிளம்பிவிட்டது. செத்த கட்டையைப் போட்டுக்கொண்டு நர்ஸ் வந்தாள், வேண்டுமென்றே செய்தாள், ஆண்பிள்ளை என்று தெரிந்துதான் செய்தாள். வாய்க்கு வந்ததைச் சொன்னார்கள். அந்தம்மாவை மாற்றச் சொல்லி மனு எழுதினார்கள். மனு எழுதுகிறவர் ஊர் மந்தையில் உட்கார்ந்து படித்துக் காட்டினார். அதில்தான் அவர் பெயரைக் கேட்டேன். நல்ல பெயர்.

“மாப்ள, மொத ரேகை ஒங்களுதா இருக்கட்டும். பெத்த அப்பன் நீங்கதான,” என்றார் மாமனார்.

இடது கைக் கட்டைவிரலில் மையைத் தடவிவிட்டார்கள். வைத்தேன்.

அதற்கு மறுவாரம் அந்தம்மா கடைக்கு வந்தார். முதலாளி உள்ளே பஞ்சர் பார்த்துக்கொண்டிருந்தார். டார்ச்சின் மூடியைத் திருகிக் கட்டைகளைப் பெஞ்சில் கொட்டினார். மூன்றிலும் அடியில் ஒன்பது கீறல். மார்கழியில் அவரே கீறி, தை பிறந்ததும் என்னிடம் கழித்துக் கொடுத்தது. வெயிலில் காகிதம் வெளுத்து, ஒரு கட்டை லேசாக உப்பியிருந்தது. அவர் என் முகத்தைப் பார்த்தார். நான் கட்டையைப் பார்த்தேன்.

“புதுசு மூணு குடு,” என்றார். “அட்டைப்பெட்டியோட கொண்டா. என் கண்ணு முன்னால பிரி.”

முதலாளியிடம் சாவி வாங்கி எடுத்து வந்து, பிரித்துக் கொடுத்தேன். ஆணியை எடுத்துக் கீறினார். பழைய மூன்றையும் பெஞ்சிலேயே விட்டுவிட்டுப் போனார்.

மனுவை விசாரிக்க ஒரு அதிகாரி வந்தார். கடைக்கே வந்தார். அந்தம்மாவும் கூட இருந்தார். அதிகாரி என்னைக் கேட்டார்.

“இந்தம்மா இங்கதான் பேட்டரி வாங்குவாங்களா?”

“ஆமாங்க.”

“அன்னைக்கு வாங்குனாங்களா?”

“இல்லைங்க.”

பொய் இல்லை. அன்றைக்கு அவர் வாங்கவில்லை. அதிகாரி எழுதிக்கொண்டார். அந்தம்மாவிடம் திரும்பி, “நீங்க ஏதாவது சொல்றீங்களா?” என்றார்.

“போறதுக்கு முன்னால நான் பிரிச்சுப் பாத்திருக்கணும். பாக்கல,” என்றார் அந்தம்மா. அவ்வளவுதான் சொன்னார். நான் வாடகை வண்டி ஒன்றின் மட்கார்டைத் துடைத்துக்கொண்டிருந்தேன். நாலாம் நம்பர் வண்டி.

வைகாசியில் மாற்றல் வந்தது. தூரத்து ஊர். பஸ் மேலே சைக்கிளை ஏற்ற ஆள் வேண்டும் என்று என்னைத்தான் கூப்பிட்டார். ஏன் என்னைக் கூப்பிட்டார் என்று இன்று வரைக்கும் தெரியாது. பஸ் ஸ்டாண்டில் ஏணியில் ஏறி, சைக்கிளைப் படுக்கவைத்து, கயிறு போட்டுக் கட்டினேன். ஹேண்டில்பாரில் அந்தத் தகட்டுப் பிடி இருந்தது, டார்ச் இல்லை. டார்ச் அவர் பெட்டியில் இருந்திருக்கும். கீழே இறங்கி வந்தேன். அவர் ஜன்னல் ஓரத்தில் உட்கார்ந்திருந்தார். பஸ் கிளம்ப நேரம் இருந்தது.

“ஒன் பொண்டாட்டி எப்படி இருக்கா?”

“இருக்காம்மா. ரெண்டு எட்டு நடந்தா மூச்சு வாங்குது.”

“ரத்தம் ஏறலை.” பையைத் துழாவி ஒரு காகிதப் பொட்டலம் எடுத்து ஜன்னல் வழியாகக் கொடுத்தார். “இரும்பு மாத்திரை. ரெண்டு மாசத்துக்கு இருக்கு. சாப்பாட்டுக்கு அப்புறம் ஒண்ணு. விடாமக் குடு.”

வாங்கிக்கொண்டேன். கண்டக்டர் டீ குடித்துக்கொண்டிருந்தார்.

“அம்மா,” என்றேன்.

“சொல்லு.”

எனக்குக் கேட்க ஒரு கேள்வி இருந்தது. வெளிச்சம் இருந்திருந்தால் பிள்ளை பிழைத்திருக்குமா என்பது. கேட்டால் அவர் உள்ளதைச் சொல்லியிருப்பார். கேட்பதற்கு முன்னால் நான் சொல்ல வேண்டியது ஒன்று இருந்தது. அதைக் கேட்கத்தான் அவரும் ஜன்னலை ஏற்றிவிட்டு உட்கார்ந்திருந்தார் என்று இப்போது தோன்றுகிறது.

“சைக்கிள நல்லாக் கட்டிட்டேம்மா. ஆடாது,” என்றேன்.

“சரி,” என்றார்.

பஸ் போனது. பொட்டலத்தோடு வீட்டுக்கு வந்தேன். பேச்சி சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள்.

“யார் குடுத்தா இது?”

நர்சம்மா என்று சொல்லியிருந்தால் தெருவில் எறிந்திருப்பாள்.

“பெரியாஸ்பத்திரியில குடுத்தாய்ங்க.”

“நீயா அம்புட்டுத் தூரம் போய் வாங்கிட்டு வந்த?”

“ஆமா.”

என் கையைப் பிடித்துக் கொஞ்ச நேரம் வைத்துக்கொண்டிருந்தாள். ரெண்டு மாசமும் ஒரு வேளை தப்பாமல் சாப்பிட்டாள். ஆடிக்குள் முகத்தில் ரத்தம் ஏறிவிட்டது.